அடிஷாமும் மலையகத்து பெனடிக்டைன் துறவிகளும்: முக்கியக் குறிப்புகள்

அடிஷாம் பங்களா என்றதும் அதைக் கட்டிய துரையின் பெயரோடு பலர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கல்வீட்டைவிட மிகப் பழையது அதில் இன்று வாழும் துறவிகளின் இலங்கை வரலாறு. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

• அமைவிடம்: அப்புத்தளை நகரிலிருந்து மேற்கே சுமார் 3 கி.மீ. பதுளை மாவட்டம், ஊவா மாகாணம். தேயிலை மலை என்றாலே நுவரெலியா என்று எழுதுகிறவர்கள் பரீட்சையில் இங்கேதான் புள்ளியை இழக்கிறார்கள்.

• அப்புத்தளைக்குச் செல்லும் மலையக ரயில் பாதையின் முக்கிய நிலையங்கள் வரிசையாக: ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பட்டிப்பொல, ஒஹிய, இதல்கசின்ன, அப்புத்தளை. நுவரெலியாவுக்கு இறங்குமிடம் நானுஓயா. நாட்டின் மிக உயரமான நிலையம் பட்டிப்பொல (சுமார் 1,898 மீற்றர்). அதற்கு அப்பால் சுரங்கத்தைக் கடந்தால் ஊவாப் பக்கம், பருவமும் மாறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் ஹட்டன் தென்மேற்கு மழையில் நனையும்போது ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுவது அந்தக் காற்றில்தான்.

• கட்டியவர்: சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனத்தின் தலைவர். கட்டிய ஆண்டு 1931. டியூடர், ஜக்கோபியன் பாணிகள் கலந்த கல் கட்டடம். அவர் பிறந்த இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கிராமத்தின் பெயரே வீட்டுக்கும்.

• இதோடு சேர்த்து எழுத வேண்டியது: இப்படிப்பட்ட பங்களாக்கள் எழுந்தது தேயிலைப் பணத்தில். அந்தக் கொழுந்தைப் பறித்த நம் முன்னோர், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். கட்டடக்கலையை மட்டும் வியந்து முடியும் விடை பாதி விடைதான்.

• சபை: பெனடிக்டைன். அதன் தந்தை நூர்சியாவின் புனித பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஆசீர்வாதப்பர்), 6ஆம் நூற்றாண்டு. அவருடைய ஒழுங்குவிதி 73 அதிகாரங்கள் கொண்டது. 48ஆவது கைவேலை பற்றியது; 53ஆவது, வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்கிறது. அடிஷாமில் இருப்பவர்கள் இவ்விதியைப் பின்பற்றும் சில்வெஸ்திரின் கிளையினர். அக்கிளையைத் தொடங்கியவர் புனித சில்வெஸ்டர் குசோலினி. இத்தாலியின் மொந்தே ஃபானோ, 1231.

• சில்வெஸ்திரின் துறவிகளின் இலங்கை வருகை: 1845, ஜுசெப்பே மரியா பிராவி என்ற குருவுடன். அடிஷாம் அவர்கள் கைக்கு வந்ததோ 1960களின் தொடக்கத்தில். இடையில் நூறாண்டுக்கு மேல்! இந்த இடைவெளிதான் முக்கியம். பங்களா அவர்களின் தொடக்கம் அன்று. கண்டியை அடுத்த அம்பிட்டியவில் அவர்களின் மடம் முன்பே இருந்தது.

• கல்வி: கண்டி புனித அந்தோனியார் கல்லூரி, 1854, பெனடிக்டைன் துறவிகள் நிறுவியது. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் படித்தது இங்கேதான். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர் அவருடைய பாட்டனார்.

• மறைமாவட்டங்கள்: கண்டி 1886, முதல் ஆயர் கிளமெந்தே பஞ்ஞானி; நுவரெலியா மாவட்டம் இதற்குள் அடங்கும். பதுளை 1972, முதல் ஆயர் லியோ நாணயக்கார. இருவருமே சில்வெஸ்திரின் சபையினர்.

• இன்றைய பெயர்: புனித பெனடிக்ட் துறவிமடம். பக்கத்தில் தங்கமலை சரணாலயம். பறவை பார்ப்போருக்கு நல்ல இடம். துறவிகள் தயாரிக்கும் ஜாமும் பழப்பானமும் அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கும். மேலே சொன்ன 48ஆவது அதிகாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

• பார்வையிட: சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை நாட்களில். பழைய வரவேற்பறையும் நூலகமும் தோட்டமும் பார்க்கலாம். மற்றப் பகுதிகள் துறவிகளின் வாழ்விடம். புறப்படும் முன் மடத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.