ஆய்வு மாணவருக்கு அரசின் கதவு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்துக்காரர் இளங்கோ. தலித் குடும்பத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானியாக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் ஊராட்சித் தலைவரானார். 2001-ல் மறுபடியும் ஜெயித்தார். அறிவியல் படித்தவர் ஆட்சிக்குள் நுழைய அதுவும் ஒரு வழி. ஆனால், ஆய்வு உதவித்தொகையை நம்பி வீடே இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அப்படித் துணிவது கடினம். அவர்கள் முன் இருக்கும் மூன்று வழிகளை வயது, பணம், மொழி மூன்றையும் வைத்துப் பார்ப்போம்.

1. டெல்லி: லேம்ப்

சட்டமியற்றல் ஆய்வு அமைப்பான பி.ஆர்.எஸ். 2010 முதல் நடத்தும், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான உதவியாளர் திட்டம். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஏறத்தாழ ஓராண்டு வேலை: கேள்விகள் தயாரிப்பது, மசோதாக்களுக்குக் குறிப்பு எழுதுவது. சட்டம் எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்க்கலாம். சிக்கல் வயது: 25-க்குள் இருக்க வேண்டும். பிஎச்.டி. முடிப்பதற்குள் அந்த வயது தாண்டிவிடும். பட்டம் வாங்கிய கையோடு போகிறவர்களுக்கே இது சரி.

2. சென்னை: முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம்

இரண்டு ஆண்டுகள், மாநில அரசின் துறைகளோடு முழுநேரப் பணி. வயது வரம்பு 30. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தளர்வு உண்டு. தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது அரசுப் பள்ளியில் படித்து வந்தவருக்கு அனுகூலம். முதல்நிலைத் தேர்வு, எழுத்துத் தேர்வு, நேர்முகம் என மூன்று படி. ஆய்வு உதவித்தொகையை வைத்துக்கொண்டே இதில் சேர முடியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

3. ஊர்: கருத்துக் கேட்புக் கூட்டம்

வயது வரம்பில்லை, தேர்வில்லை, பைசா செலவில்லை. பெரிய ஆலையோ விரிவாக்கமோ வரும்போது, 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றிக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் தர வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதியும் அனுப்பலாம். தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கும் திருமழிசைவாசிகள் இந்த விளம்பரங்களைக் கவனித்து வருவது நல்லது.

வேதியியல் மாணவரின் படிப்பு இங்கேதான் உதவும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் நிலத்தடி நீர் அட்டவணையை எடுங்கள். மாதிரி எந்த மாதம் எடுத்தது? கிணறு ஆலையிலிருந்து எவ்வளவு தூரம், நீரோட்டத்துக்கு மேலா கீழா? உலோகம் 'இல்லை' என்று போட்டிருந்தால், கருவி கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன? பெரும்பாலும் ஒரே பருவத்தின், அதுவும் மழைக்காலம் தவிர்த்த, தரவுதான் இருக்கும். மழை பெய்தபின் என்ன ஆகும் என்று கேளுங்கள். பேசிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்: கூட்டத்தின் முடிவில், மக்கள் சொன்னவற்றின் தொகுப்பை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள்.

எதைத் தேர்வது?

25-க்குள் இருந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் கட்டாயம் இல்லாதவர் டெல்லிக்குப் போகலாம். ஆய்வை முடித்துவிட்டு அரசு வேலை முறையைக் கற்க விரும்புகிறவருக்குப் புத்தாய்வுத் திட்டம். ஆய்வுக்கு நடுவில் இருப்பவருக்கு மூன்றாவதுதான். அதில் சம்பளமும் சான்றிதழும் கிடையாது. ஆனால் உங்கள் கேள்வி அரசு ஆவணத்தில் ஏறும், திட்டக்காரர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலில் அதைச் செய்யுங்கள்; மற்ற இரண்டின் நேர்முகத்திலும் சொல்ல ஒரு விஷயம் கையில் இருக்கும்.