ஜவ்வாது மலையில் நிலம் வாங்கும் முன்

"ஜவ்வாது மலையில ஐம்பது சென்ட் வருது, வாங்கிப் போடலாமா?" நிலப் பத்திரங்களைப் பார்த்துச் சொல்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூருக்காரர்கள். என் பதில்: வாங்காதீர்கள்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அரக்கோணம் வரை நீட்டி 5,904 ஆக்கினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எஞ்சியிருப்பது பழைய பரப்பில் ஒரு சிறு பகுதிதான். ஏரிக்கரையும் கழனியும் மனையான பிறகு, கண்ணுக்குப் பச்சை வேண்டுமென்று ஆட்கள் இன்னும் தள்ளிப் போகிறார்கள். பக்கத்து ஏலகிரியில் விடுதிகள் நெருக்கியடித்துவிட்டன. அடுத்த பார்வை ஜவ்வாது மலை மேல் விழுகிறது.

புரோக்கர் உங்களைக் கோடையில்தான் அழைத்துப் போவார். "தரிசாத்தான் சார் கிடக்குது" என்பார். மழை பிடித்ததும் அந்தக் கொல்லையில் சாமை விதைப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அறுத்துவிடுவார்கள். பிறகு அது ஆடு மாடு மேயும் இடம். சில கொல்லைகளை ஓரிரு வருஷம் ஆறப் போடுவதும் உண்டு. நீங்கள் பார்ப்பது வெற்று நிலமல்ல, ஓய்வில் இருக்கும் நிலம். ஜமுனாமரத்தூர் வட்டமானாலும் திருப்பத்தூர்ப் பக்கத்துப் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடானாலும் அணைக்கட்டுப் பக்கத்துப் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லையானாலும் அதை உழுபவர்கள் மலையாளிப் பழங்குடியினர்.

இனி ஆவணத்துக்கு வருகிறேன். சமவெளியில் நிலம் வாங்கிப் பழகியவர்கள் மலையில் ஏமாறுவது வில்லங்கச் சான்றில்தான். முப்பது வருஷத்துக்கு விண்ணப்பித்து, பதிவு எதுவுமில்லை என்று வந்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்தச் சான்று காட்டுவது பதிவு அலுவலகத்துக்கு வந்த பத்திரங்களை மட்டுமே. மலையில் பாகப்பிரிவினை பெரியவர்கள் முன்னிலையில் வாய்ச்சொல்லாக நடப்பது சகஜம். அண்ணன் தம்பி அனுபவிக்கும் எல்லைக்கும் பட்டாவில் உள்ள பெயருக்கும் சம்பந்தமே இருக்காது. தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும். அவருடைய பேத்திகளும் அதில் பங்கு கேட்கலாம் என்பது, ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கியவருக்குப் பல வருஷம் கழித்து வழக்கு நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும். ஆகவே வெறுமையான வில்லங்கச் சான்று உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

அடுத்தது பட்டாவின் வகை. வன உரிமைச் சட்டம், 2006-ன் கீழ் கிடைத்த உரிமை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது வாரிசுக்குப் போகும். விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. சட்டத்தின் 4(4) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. அரசு ஒப்படை செய்த நிலம் என்றால் நிபந்தனைப் பட்டாவாக இருக்கலாம். இணையத்தில் எடுக்கும் பட்டா நகலை நம்பி முடிவு செய்யாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் மூல ஒப்படை ஆணையையும் கேட்டுப் பாருங்கள். ஆணை கிடைக்கவில்லை என்று விற்பவர் தரப்பு மழுப்பினால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பாதையையும் பாருங்கள். கொல்லைக்குப் போகும் வண்டித்தடம் காப்புக் காட்டுக்குள் போகிறதென்றால், ஊரார் நடக்கிறார்கள் என்பதால் உங்கள் காருக்கும் ஜல்லி லாரிக்கும் உரிமை வந்துவிடாது. புலப்படத்தில் ஓடை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். ஓடையை மூடிச் சுற்றுச்சுவர் எழுப்பினால் கீழே குப்பநத்தம் அணை வரை அந்தக் கணக்கு நீளும்.

'ஃபார்ம் லேண்ட்' என்று பெயர் சூட்டி, பத்து சென்ட் பத்து சென்ட்டாக நறுக்கி விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெறாத மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பெயரை மாற்றினால் அதில் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது.

காவலூரை நினைவில் வையுங்கள். வானியலாளர் வைணு பாப்பு அங்கே வானாய்வகம் அமைக்க இந்த மலையைத் தேர்ந்தெடுத்தது இருட்டுக்காக. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த உலகின் சில இடங்களில் காவலூரும் ஒன்று. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பண்ணை வீட்டின் வாசல் விளக்கும் அந்த வானத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மலையில் ஏற்கெனவே விடுதி நடத்துபவர்கள், விளக்குகளைத் தரையை நோக்கித் திருப்பி, மேலே மூடி போட்டு, இரவு அணைத்து வைக்க வேண்டும். செலவு மிகக் குறைவு.

மலைக்குச் சாலை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 மே மாதம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த குழந்தையைச் சரியான நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல், கடைசியில் உடலைத் தாய் சுமந்து நடந்தாள். சாலை அவர்கள் உரிமை. ஆனால் சாலை வந்த மறுநாளே புரோக்கரும் வருவார். அதனால் மலைக் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்: முன்பணம் எவ்வளவு கொடுத்தாலும் வெற்று முத்திரைத்தாளில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள். 'பவர்' எழுதிக் கொடுக்காதீர்கள். பொது அதிகாரப் பத்திரத்தால் நிலத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அதை வைத்து உங்களை வருஷக்கணக்கில் அலைக்கழிக்க முடியும். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத யாராவது உங்கள் நிலத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துக்கொண்டால் அது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். தாத்தா பெயரில் நிற்கும் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற இப்போதே மனு கொடுங்கள். மேய்க்காலும் ஓடையும் எந்தெந்தச் சர்வே எண்ணில் இருக்கின்றன என்று கிராம சபையில் படிக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.

நகரத்து வாசகரே, பச்சை வேண்டுமென்ற உங்கள் ஆசைக்கும் ஒரு வழி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் பகுதியில் அந்த இடம் எங்கே? சில இடங்களில் அதிலும் வேலி போட்டுக் கட்டடம் ஏறியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரைபடத்தில் பூங்கா என்றிருக்கும் சர்வே எண்ணுக்கு ஒரு வில்லங்கச் சான்று போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். வராவிட்டால், அந்த வரைபடத்தோடு ஆணையரைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாமல் தெருவில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.