இடக்கை உயர்த்திய உறுப்பினர்



அமெரிக்க நாட்டின் செனட் என்னும் மேலவையில் ஏறத்தாழ 50 ஆண்டுகள் இடையறாது பணியாற்றியவர் டேனியல் இனோவே. அவர்தம் வரலாறு நாம் அறிந்து போற்றத்தக்கதாகும்.

இவர் 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலுலுவில் பிறந்தார். இவருடைய தந்தைவழிப் பாட்டனார், குடும்பக் கடனை அடைக்கும்பொருட்டு ஜப்பானிலிருந்து கரும்புத் தோட்டத்தில் உழைக்க வந்தவர். இளமையில் இனோவே அறுவை மருத்துவராக விரும்பினார்.

1941 டிசம்பர் 7-இல் ஜப்பானிய வானூர்திகள் ஹவாயிலுள்ள பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. பதினேழு வயது இனோவே காயமுற்றோருக்கு முதலுதவி செய்ய விரைந்தார். ஆயினும், ஜப்பானிய வழியினர்மீது அமெரிக்க அரசு ஐயங்கொண்டது. பெருநிலப்பரப்பின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 120,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

1943-இல் ஜப்பானிய வழியினர் படையிற்சேர வாய்ப்புக் கிட்டியதும் இனோவே முன்வந்தார். 1945 ஏப்ரல் 21-இல் இத்தாலியில் நடந்த போரில் அவருடைய வலக்கை சிதைந்தது. பின்னர் அது துண்டிக்கப்பட்டது. மருத்துவராகும் கனவும் அதனோடு மறைந்தது. தாயகம் திரும்பும் வழியில், படையுடை அணிந்திருந்த அவருக்கு, ஜப்பானியர் என்று கூறி முடிதிருத்த மறுத்தார் ஒருவர்.

மனந்தளராத இனோவே சட்டம் பயின்றார். 1959-இல் ஹவாய் அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் முதல் உறுப்பினராக அவர் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜப்பானிய வழியினருள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முதன்முதல் இடம்பெற்றவர் அவரே. வலக்கை உயர்த்தி உறுதிமொழி ஏற்பது அங்குள்ள மரபு. இனோவே இடக்கையை உயர்த்தினார். இல்லாத வலக்கையே அவருடைய நாட்டுப்பற்றுக்குச் சான்றாக நின்றது.

1963 முதல் 2012 டிசம்பர் 17-இல் மறையும்வரை அவர் மேலவை உறுப்பினராக விளங்கினார். 1973-இல் வாட்டர்கேட் ஊழலை விசாரித்த குழுவிலும் இடம்பெற்றார். முகாம்களில் வாடியோரிடம் நாடு மன்னிப்புக் கோரவும், உயிருடன் எஞ்சியோர்க்குத் தலா 20,000 டாலர் வழங்கவும் 1988-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு இனோவேயும் துணைநின்றார். படைவீரர்க்குரிய மிக உயர்ந்த பதக்கம், போர் முடிந்து 55 ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டில் அவருக்குச் சூட்டப்பட்டது.

ஒருவரின் பிறப்பைக் கொண்டு அவர்தம் நாட்டுப்பற்றை அளத்தல் தகாது. ஐயுற்ற நாட்டிற்கே அரை நூற்றாண்டு உழைத்து, அதன் பிழையைத் திருத்தவும் துணைநின்ற இனோவேயின் வாழ்வு நமக்கு நல்ல பாடமாகும்.