கடலடி நடுக்கமும் கரையோர அச்சமும்

கேள்வி: சுமாத்திராவுக்கு அப்பால், கடலில் 4 அளவில் பூகம்பம் என்று வானொலி சொல்லும்போதெல்லாம் மனம் பதறுகிறதே?
— வாசகி, தெஹிவளை

பதில்: 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலைச் சங்காரத்தை அறிந்த கரையோரவாசிக்கு இந்தப் பீதி நியாயமானதே. எனினும், சமுத்திரத்தின் அடித்தட்டு சுண்டாப் பள்ளத்தில் இடையறாது அமிழ்வதால் அடிக்கடி நேரும் இத்தகைய அற்ப அதிர்ச்சிகள், அளவு ஒன்று கூடும்தோறும் சக்தி ஏறக்குறைய 32 மடங்காகும் கணக்கின்படி, அன்றைய 9.1 அளவுப் பூகம்பத்தின் நான்கு கோடியில் ஒரு பங்கு வலிமையும் உடையன அல்ல. 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவில், கொழும்பிலும் உணரப்பட்ட பூகம்பங்கூட, பாறைகள் பக்கவாட்டில் நழுவியதேயன்றிக் கடற்றளம் பெரிதும் மேலெழாமையால், பேரலையை எழுப்பவில்லை. ஆயினும், கடல் அசாதாரணமாகப் பின்வாங்கக் கண்டால், அறிவித்தலுக்குக் காத்திராமல், குழந்தைகளோடு காலி வீதியைக் கடந்து மேட்டுநிலம் சேருங்கள்.