யாரிடம் காட்டுவது?



நம்மில் பலர் இன்று திறந்த மூல மென்பொருளுக்குத் திருத்தம் எழுதப் பழகி வருகின்றனர். திருத்தம் எழுதுவது பாதி வேலையே. அதனைப் படித்துக் குறை நிறை கூறத் தக்கவர் யார் எனக் கண்டறிவது மறு பாதி. இதனை நான் பட்டே உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வெப்ப உணரி, பூஜ்யத்திற்குக் கீழே ஐந்து டிகிரி என்று காட்ட வேண்டிய இடத்தில் மிகப் பெரியதோர் எண்ணைக் காட்டிற்று. கருவியில் பழுதில்லை. லினக்ஸ் கெர்னலில் அதனை இயக்கும் நிரலில் கழித்தல் குறி தொலைந்து போயிருந்தது. இரண்டே வரியில் திருத்தி, லினக்ஸின் பொது மடற்குழுவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மாதம் சென்றது. ஒரு வரி பதிலும் இல்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மடல்கள் வந்து குவியும் இடம் அது. விலாசம் எழுதாமல் தபாற்பெட்டியில் போட்ட கடிதத்திற்குப் பதில் வருமா? பிழை என்னுடையதே.

வழி யாது? கெர்னலின் மூலநிரலோடு ‘மெயின்டெய்னர்ஸ்’ என்றொரு கோப்பு உண்டு. எப்பகுதிக்கு யார் பொறுப்பு என்னும் பட்டியல் அது. அதன் வரிகள் ஓர் ஆங்கில எழுத்தோடு தொடங்கும். ‘எம்’ என்பது பொறுப்பாளர். ‘ஆர்’ என்பது உடனிருந்து பார்வையிடுவோர். ‘எல்’ அப்பகுதிக்குரிய மடற்குழு. ‘எஃப்’ அதில் அடங்கும் கோப்புகள். ‘எஸ்’ அப்பகுதியின் நிலை. நிலை ‘ஆர்ஃபன்’ என்றிருப்பின், அப்பகுதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பொருள்.

பட்டியல் மிக நீண்டது. ஆகவே தேடித் தருவதற்கென்றே ‘கெட் மெயின்டெய்னர்’ என்னும் சிறு நிரலும் உடன் உள்ளது. நம் திருத்தத்தை அதனிடம் கொடுத்தால் உரியவர் பெயர்களை வரிசையாகத் தரும். பட்டியலில் பொறுப்பாளர் இல்லாவிடின், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’டைப் புரட்டி, அக்கோப்பை அண்மையில் தொட்டவர்களைக் காட்டும். (கிட், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கியது.) இங்கே ஓர் எச்சரிக்கை: தொட்டவர் எல்லாம் அறிந்தவர் அல்லர். எழுத்துப் பிழை திருத்தியவரும் அதில் இருப்பார். அவர் செய்த மாற்றம் யாதென்று பார்த்த பின்னரே எழுதுக.

பொறுப்பாளருக்கு நேரே எழுதி, மடற்குழுவுக்கு நகல் அனுப்புக. அலங்காரமற்ற வெற்று எழுத்தில் மடல் இருக்கட்டும். பதில் வராவிடின், ஒரு வாரமேனும் பொறுத்து நினைவூட்டுக.

இவ்வாறு நான் மீண்டும் அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. பாராட்டு அன்று, “இதே பிழை கீழே இன்னோரிடத்திலும் உள்ளதே, பார்க்கவில்லையா?” என்ற கேள்வி! நாணினேன், ஆயினும் மகிழ்ந்தேன். அறிந்தவர் கண் பட்டதனால் அன்றோ நான் காணாத பிழையும் வெளிப்பட்டது? இரண்டையும் திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டனர்.

மொழி தெரியாத இவ்வூரில் வந்திறங்கிய முதல் நாள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர்கள் நம் சங்கத்து மூத்த மாணவர்களே. அக்கடனை நான் இவ்வழியில் தீர்க்க விரும்புகிறேன். திருத்தம் எழுதிவிட்டு அனுப்பத் தயங்கி நிற்கும் தோழர்கள் வருக. உரியவரைச் சேர்ந்தே தேடுவோம்.