கருவாட்டுக் கணக்கு

உணவுப் பதப்படுத்தல் பாடம் என்றதும் ஊறுகாய், ஜாம், பால்பவுடர் என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குவது நம் வழக்கம். காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இங்கே பல பிள்ளைகளின் வீட்டு மொட்டைமாடியில் பாடம் காய்ந்துகொண்டிருக்கிறது.

பச்சை மீனின் எடையில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு நீர். அந்த நீர் இருக்கும்வரை பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். வஞ்சிரம், வாளை, சுறா போன்றவற்றைக் குடல் நீக்கிக் கீறி, மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்ற அளவில் தொட்டியில் அடுக்குகிறார்கள். உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கிறது; சவ்வூடு பரவல். பிறகு வெயில். ஆனால் நெத்திலியையும் சென்னாகுனியையும் பெரும்பாலும் உப்பில்லாமலே உலர்த்துகிறார்கள். “ஏன்?” என்று கேளுங்கள். “சின்ன மீன், சீக்கிரம் காயும் சார்” என்பார்கள். பருமனோடு ஒப்பிடச் சிறியதற்கே மேற்பரப்பு அதிகம் என்ற கருத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்பில் இதைச் செய்துபார்க்கலாம். வெள்ளரித் துண்டுகளில் உப்பைத் தூவினால் கால் மணி நேரத்தில் தட்டில் நீர் நிற்கும். பிறகு 100 கிராம் நெத்திலியை வலை மூடிக் காயவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை நாள்தோறும் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். காக்கைக்கும் பூனைக்கும் ஒரு காவல் குழு வேண்டும். அதற்குத்தான் போட்டி அதிகம்.

அடுத்து கணக்கு. 10 கிலோ நெத்திலியில் நீர் 75 விழுக்காடு. நீர் 20 விழுக்காடாகும்வரை காயவைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? 75இலிருந்து 20ஐக் கழித்து, 55 விழுக்காடு போயிற்று, மிச்சம் 4.5 கிலோ என்று பலர் எழுதுவார்கள். சதை 2.5 கிலோ மாறுவதில்லை. காய்ந்தபின் அதுதான் மொத்தத்தில் 80 விழுக்காடு. ஆகவே 2.5 ÷ 0.8 = 3.125 கிலோ. கணக்குக்காகப் பச்சை நெத்திலி கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கருவாட்டில் மீனின் அடக்கவிலை மட்டும் 384 ரூபாய். 4.5 கிலோ என்று நம்பினால் 267 ரூபாய்தான் வரும். அந்த விலைக்கு விற்பவர் முதலையே இழப்பார். என் வகுப்பில் இந்த விடையை முதலில் சொன்னவள் வாய்பாட்டில் தடுமாறும் ஒரு மாணவி. “பத்து வாங்கினா மூணுதான் தேறும்னு எங்கம்மா சொல்லும்” என்றாள். அதுவரை தன் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அவள் வகுப்பில் சொன்னதில்லை.

வாடைக்காக ஒதுங்கும் பிள்ளைகள் நம் எல்லா வகுப்புகளிலும் உண்டு. தமிழாசிரியர்கள் இந்த இடத்தில் நற்றிணையின் 45ஆம் பாடலைக் கையிலெடுக்கலாம். சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டும் பெண்ணைத் தேடிச் செல்வந்தன் ஒருவன் தேரில் வருகிறான். எங்கள்மேல் புலால் வீசும், தள்ளி நில் என்கிறாள் தோழி. அவள் குரலில் கூச்சமே இல்லை. எங்களிலும் தலைவர்கள் உண்டு என்றுதான் முடிக்கிறாள்.

சமூக அறிவியலுக்கும் இதில் இடமுண்டு. தரையில் காய்ந்த கருவாட்டில் மண் ஒட்டும். ஈரம் மிஞ்சினால், உப்பை விரும்பும் பாக்டீரியாவால் சிவப்புப் படரும். உயரமான பரண்மேல் வலை விரித்து உலர்த்தினால் காற்று அடியிலும் புகும், மண்ணும் சேராது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கெனச் சூரிய உலர்த்திகளும் வடிவமைத்திருக்கிறது. பிறகு ஏன் சாலையோரத்தில் காயவைக்கிறார்கள்? சுத்தம் தெரியாததால் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அங்கேயே நிறுத்தி வரைபடத்தை விரியுங்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. இன்று அங்கே பல இடங்களில் இருப்பது பாறைக் கற்கள். மணல்வெளி போனபின் மிஞ்சியது மாடியும், கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையின் ஓரமும். பரண் போடவும் இடம் வேண்டுமல்லவா?

வீட்டுப்பாடமாக இரண்டு கேள்விகள் கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் வியாபாரம் எப்படி இருக்கும்? ஐப்பசி மழையில் மீனை என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு ஒரு பாட்டி பேரனிடம் சொல்லியனுப்பிய பதில்: “உப்புலயே கெடக்கும். தண்ணி விட்டா மறுபடி உப்பு போடுவோம். வெயில் வந்தா எடுப்போம்.” மறுநாள் சவ்வூடு பரவல் பாடத்தை இந்த மூன்று வரிகளைக் கரும்பலகையில் எழுதித்தான் தொடங்கினேன்.