மட்குவதெல்லாம் அறமாகுமா?



கழுகுமலைச் சமணப் படிமங்களை வணங்கியபின் தென்காசி வழியாகக் குற்றாலம் சென்று நீராடி வரும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அருவியில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து தாமிரபரணியில் கலக்கிறது. நாம் நழுவவிடும் ஓர் உறையும் அவ்வழியே செல்லும். நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்பது நம் ஆகமக் கொள்கை. கழிவை உயிர்க்கு ஊறு நேராத இடம் பார்த்து விடுதல் துறவியர்க்குரிய உத்சர்க்க சமிதி. இல்லறத்தாராகிய நாமும் அதை எண்ணுதல் நன்று.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக 'மட்கும்', 'கரையும்' என்னும் பெயர்களுடன் பல பொருள்கள் வருகின்றன. அவற்றை எங்ஙனம் மதிப்பிடுவது?

சிறு மூலக்கூறுகள் பூச்சரம்போல் தொடுக்கப்பட்டதே பாலிமர். பாலித்தீன் சரத்தை நுண்ணுயிர்கள் எளிதில் அறுக்க இயலா. மாவுப்பொருள், செல்லுலோஸ், புரதம் ஆகியனவும் பாலிமர்களே. எனினும் இவற்றை நுண்ணுயிர்களின் நொதிகள் அறுத்து மண்ணாக்கும்.

முதலாவது, கரைவது வேறு, மட்குவது வேறு. நீரில் கரைந்த உப்பு கண்ணுக்கு மறைந்தாலும் நீரிலேயே இருக்கிறதன்றோ? கரையும் உறைகள் பலவற்றிலுள்ள பாலிவினைல் ஆல்கஹாலும் அத்தகையதே. தகுந்த நுண்ணுயிர்கள் வாய்த்தாலன்றி அது சிதையாது. சோளத்திலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலம் விரைந்து மட்க ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள உரக்கிடங்கு வேண்டும். குளிர்ந்த அருவிநீரில் அது நெடுங்காலம் கிடக்கும்.

இரண்டாவது, பொருளின் பிறப்பு. வெந்நீரில் கரையும் ஜெலட்டின் நன்றாக மட்கும் புரதமே. ஆயின் அது விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலுள்ள கொலாஜனைக் காய்ச்சி எடுப்பது. மருந்துக் கூடுகள் பல அதனால் ஆனவை. பட்டிழையைப் பூசியிருக்கும் செரிசினும் வெந்நீரில் கரையும் புரதமே. கூட்டுப்புழுவைக் கொன்று எடுக்கும் வழக்கமான பட்டுத்தொழிலில் கிடைப்பது. மண்ணுக்குத் தீங்கில்லை என்பதால் மட்டும் இவை அகிம்சைப் பொருள்களாகிவிடா. செடியின் செல்லுலோஸிலிருந்து செய்த மருந்துக் கூடுகளும் உள்ளன. நோயுற்றபோது மருந்தை நிறுத்திவிடாமல், அத்தகைய மாற்று உண்டா என மருத்துவரிடம் கேட்டறிவதே முறை. மரவள்ளி மாவினால் ஆன பைகளைக் கிழங்கு நீக்கும் நோன்புடையோர் தம் நெறிக்கேற்பத் தேர்க.

மூன்றாவது, தேவை. எத்துணை நல்ல பொருளாயினும் ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கே ஆக்கினால் நிலமும் நீரும் உழைப்பும் வீணாகும். மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு இங்கே துணைசெய்கிறது. துணிப்பையும், நெல்லைச் சீமையின் பனையோலைப் பெட்டியும் பல நாள் உழைத்துப் பின் மண்ணாகும்.

எதிலிருந்து வந்தது? எங்கே போய்ச் சேரும்? நமக்கு இது வேண்டுமா? பொருளை வாங்குமுன் இம்மூன்றையும் நம் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்போமாக. அடுத்த முறை அருவிக்குச் செல்லும்போது, கொண்டுசென்றவற்றை எல்லாம் திரும்பக் கொண்டுவருவோமாக.

வாழ்க ஜினநெறி!